ஊரும் இடுகாடும்: ஓர் எண்ணும்மை

நில அளவைப் படங்கள் வரைவது என் தொழில். எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் அளவுகோலையும் வடக்குக் குறியையும் தேடுகிற கண் அதனால் எனக்கு வாய்த்திருக்கிறது. அது வரமா சாபமா என்பதை வீட்டில் இருப்பவர்களைத்தான் கேட்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் தொல்லியல் நூல் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, வண்ணப் புகைப்படங்களையெல்லாம் தாண்டிப் போன அந்தக் கண் ஒரு கோட்டுப்படத்தில் நின்றுவிட்டது. நீளவாக்கில் ஒரு குழியின் விளிம்பு. அதற்குள் மல்லாந்து கிடத்தப்பட்ட ஓர் இளம்பெண்ணின் எலும்புகள். அவளுடைய வலப்பக்கத்தில், அப்போதுதான் பிறந்த ஒரு சிசுவின் எலும்புகள். சிசுவுக்குக் கீழே இன்னும் மெல்லிய கோடுகளாக வேறு சில எலும்புகள் வரையப்பட்டிருந்தன. அவை ஓர் அன்னத்தின் சிறகெலும்புகள் என்று படக்குறிப்பு சொன்னது.

அந்தக் குழி டென்மார்க்கில், கோபன்ஹேகனுக்கு வடக்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில், வெட்பெக் என்ற கடற்கரை ஊரின் போகெபாக்கன் மேட்டில் இருக்கிறது. 1975ஆம் ஆண்டு அங்கே ஒரு வாகன நிறுத்துமிடம் அமைக்க மண்ணைக் கிளறியபோது எலும்புகள் வெளிப்பட்டன. ஆல்பிரெட்சன், எரிக் பிரிங்க் பீட்டர்சன் ஆகிய ஆய்வாளர்களின் பொறுப்பில் நடந்த அகழாய்வில் 17 குழிகளில் 22 பேர் கிடைத்தார்கள். ஏறக்குறைய 7,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள், உழவு அறியாதவர்கள், நாயைத் தவிர வேறு விலங்கை வளர்க்காதவர்கள், மீனையும் கடல்நாயையும் மானையும் காட்டுப்பன்றியையும் நம்பி இருந்தவர்கள். அந்த நாட்டில் இடைக்கற்கால மனிதர்களின் புதைகுழிகள் அதற்கு முன் ஒன்றும் இரண்டுமாகக் கிடைத்ததுண்டு. வரிசையாக, ஓர் இடுகாடு என்று சொல்லத்தக்க வகையில் கிடைத்தது அப்போதுதான்.

இடுகாடு என்று எழுதும்போது ஒரு சின்ன நிறைவு. எரிப்பதற்குச் சுடுகாடு, புதைப்பதற்கு இடுகாடு என்று இரண்டையும் பிரித்துச் சொல்ல நம் மொழியில் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. வெட்பெக்கில் இரண்டுமே தேவைப்படும். போகெபாக்கனில் இருப்பது இடுதல் மட்டும் என்றாலும், அதே பழைய உப்பங்கழியை ஒட்டிய இன்னொரு குடியிருப்பில், எரித்து எடுத்த மனித எலும்புகளைக் குழிக்குள் சேர்த்து வைத்திருந்ததும் பிற்பாடு தெரியவந்தது.

இன்று வெட்பெக்குக்குப் போகிறவர் அந்த உப்பங்கழியைத் தேடினால் கிடைக்காது. பனியுகம் முடிந்து வடபுலத்துப் பனிப்பாறைகள் உருகிக் கடல் ஏறியபோது, தாழ்ந்திருந்த பள்ளத்தாக்குகளுக்குள் உப்புநீர் புகுந்து கைவிரல்கள் போல் நீண்ட ஆழமற்ற நீர்ப்பரப்புகளை உண்டாக்கியது. வெட்பெக்கில் உட்புகுந்த அந்த நீரைச் சுற்றிலும், அதற்குள் இருந்த மேடுகளிலும் மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கினார்கள். பிறகு பனியின் எடை நீங்கிய நிலம் மெல்ல உயர்ந்தது. கழி தூர்ந்து சதுப்பானது. அன்று தண்ணீருக்கு அருகில் இருந்த மேடு இன்று சதுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. டென்மார்க்கின் தென்பகுதியில் நடந்ததோ இதற்கு நேர்மாறானது. அங்கே பழைய கரையே கடலுக்கு அடியில் போய்விட்டது. ஃபியூன் தீவின் மேற்குக் கரைக்கு அப்பால், டூப்ரின் விக் என்ற இடத்தில், மூன்று மீட்டர் ஆழத்து நீருக்கடியில் இருந்த ஒரு குடியிருப்பை சோரன் ஆண்டர்சன் 1978 முதல் பத்தாண்டு காலம் முக்குளிப்பவர்களைக் கொண்டு அகழ்ந்தார். காற்றுப் புகாத சேற்றில் கிடந்ததால் மரம் மட்காமல் இருந்தது. ஆங்கிலத்தில் எலுமிச்சையைக் குறிக்கும் 'லைம்' என்ற பெயரைப் பெற்றும் எலுமிச்சையோடு உறவில்லாத லிண்டன் மரத்தைக் குடைந்து செய்த ஓடங்கள், அவற்றில் ஒன்று ஒன்பது மீட்டருக்கும் மேல் நீளம். ஆஷ் மரத்தில் செதுக்கிய துடுப்புகள், இதய வடிவத்து அகலமான தலையில் பள்ளக்கோடுகளாகச் செதுக்கி நிறமேற்றிய பூவேலை. பெரிய ஓடத்தின் உள்ளே, மரம் கருகாதபடி களிமண் பூசி அதன்மேல் நெருப்பு வைத்திருந்த தடம் இருந்தது. இரவில் விளக்கு வைத்து விலாங்கு பிடித்திருக்கலாம் என்கிறார்கள். துடுப்புக்குப் பூவேலை எதற்கு என்று கேட்பவர், தன் ஓடத்துக்கு வண்ணம் பூசும் எந்த மீனவரையும் பார்த்ததில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த மனிதர்களின் பண்பாட்டுக்கு எர்தெபொல்லெ என்று பெயர். டென்மார்க்கின் யூட்லாந்து தீபகற்பத்தில் லிம் கழியின் கரையில் உள்ள எர்தெபொல்லெ என்ற ஊரின் சிப்பிமேட்டிலிருந்து வந்த பெயர் அது. ஏறக்குறைய 140 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம் கொண்ட அந்த மேடு முழுவதும் மனிதர்கள் தின்று எறிந்த சிப்பி ஓடுகள். இத்தகைய மேடுகள் கடல் தானாகக் குவித்தவையா, மனிதர் குவித்தவையா என்று முடிவு செய்ய 1848இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. விலங்கியலாளர் ஸ்டீன்ஸ்ட்ரப், நிலவியலாளர் ஃபோர்க்ஹாமர், தொல்லியலாளர் வோர்சோ ஆகிய மூவரும் அதில் இருந்தார்கள். ஒரே மேட்டை மூன்று துறைக்காரர்கள் சேர்ந்து வெட்டிப் பார்த்தது அந்தக் காலத்துக்கு மிகப் புதிது. ஓடுகளெல்லாம் முற்றி வளர்ந்த சிப்பிகளாகவே இருப்பதும், அவற்றின் இடையே கரியும் கல்லாயுதமும் கிடப்பதும் விடையைச் சொல்லிவிட்டன. சமையற்கட்டுக் குப்பைமேடு என்று பொருள்படும் டேனியச் சொல் அன்றிலிருந்து உலகத் தொல்லியலின் கலைச்சொல்லாக நிலைத்துவிட்டது.

குப்பை அவர்கள் என்ன தின்றார்கள் என்று சொல்லும். எவ்வளவு தின்றார்கள் என்று சொல்லாது. ஒரு மீனின் முள் மண்ணில் கரைந்து போகும், மானின் தொடையெலும்பு கரையாது. எண்ணிப் பார்ப்பவருக்கு எல்லோரும் மான் தின்றவர்களாகவே தெரிவார்கள். இந்தச் சிக்கலைத் தின்றவரின் எலும்பைக் கொண்டே தீர்க்கலாம் என்று 1981இல் ஹென்ரிக் டவ்பர் காட்டினார். கடல் உணவில் கரிமம்-13 என்ற ஐசோடோப்பின், அதாவது சற்றுக் கனமான கரிம அணுவின், விகிதம் அந்தக் குளிர்நாட்டு நில உணவில் இருப்பதைவிடக் கூடுதல். உண்பவரின் எலும்பில் அந்த விகிதம் பதிந்துவிடுகிறது. டென்மார்க்கின் இடைக்கற்காலக் கரையோர மனிதர்களின் எலும்பு, கடல்நாய் தின்னும் மனிதர்களின் எலும்பு போல் இருந்தது. அவர்களை அடுத்து வந்த புதிய கற்கால உழவர்களின் எலும்பில் கடல் ஏறக்குறைய மறைந்தே போயிருந்தது. கடல் அதே இடத்தில்தான் இருந்தது, தட்டு மாறிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கடல்நீரில் கரைந்திருக்கும் கரிமம் பழையது. அதனால் கடலைத் தின்று வாழ்ந்தவரின் எலும்பைக் கதிரியக்கக் கரிம முறையில் கணித்தால், அவர் உண்மையில் வாழ்ந்த காலத்துக்குச் சுமார் 400 ஆண்டுகள் முன்னால் வாழ்ந்தவராகத் தெரிவார். திருத்தம் செய்யாமல் விட்டால், ஒரே நாளில் இறந்த மீனவரையும் மான் வேட்டைக்காரரையும் பதினைந்து தலைமுறை இடைவெளியில் வைத்துவிடுவோம்.

என் கண் நின்ற படத்துக்குத் திரும்புகிறேன். 8ஆம் எண் குழியில் கிடந்த பெண்ணுக்கு வயது பதினெட்டு இருக்கும். அவள் தலைக்கடியில் மடித்து வைத்த ஏதோ ஓர் ஆடையோ தோலோ இருந்திருக்கிறது. அது மட்கிப்போய், அதில் தைத்திருந்த மணிகள் மட்டும் தலையணை வடிவத்தில் எஞ்சியிருக்கின்றன: துளையிட்ட நத்தை ஓடுகளும், ஏறக்குறைய 200 விலங்குப் பற்களும், பெரும்பாலும் செம்மானின் பற்கள். செம்மானின் மேல்தாடையில் முத்துப்போல் உருண்ட கோரைப்பற்கள் இரண்டே உண்டு. அத்தகைய பற்களை விரும்பிச் சேர்ப்பவருக்கு ஒரு வேட்டையில் கிடைப்பது இரண்டு மட்டும்தான் என்றால், அந்த ஆடை ஒருவரின் ஒரு பருவத்துக் கைவேலையாக இருக்க முடியாது. பலருடைய வேட்டை அதில் தைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பல்லின் வேரிலும் கல்லூசியால் துளை போட வேண்டும். அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஆடையோடு புதைத்தவர்கள் எதைக் கைவிட்டார்கள் என்பது கொஞ்சம் விளங்கும். குழியில் செங்காவிப் பொடியும் தூவியிருந்தது. சிசுவின் இடுப்பருகே ஒரு சிறு தீக்கல் கத்தி இருந்தது.

இந்த இடத்தில்தான் எனக்கும் நான் படித்த சில நூல்களுக்கும் சண்டை. அந்தச் சிசு ஆண் என்று பல நூல்கள் ஐயமே இல்லாமல் எழுதுகின்றன. பிறந்த குழந்தையின் எலும்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வது மிகக் கடினம். அந்த இடுகாட்டில் ஆண்களின் இடுப்பருகே தீக்கல் கத்தி கிடக்கிறது. சிசுவின் இடுப்பருகேயும் கத்தி. ஆகவே சிசு ஆண். இது எலும்பு சொன்னது அல்ல, கத்தி சொன்னது. அதைவிடப் பெரிய சண்டை அன்னத்தைப் பற்றியது. அன்னம் நீரிலும் நிலத்திலும் வானிலும் செல்வது, பருவந்தோறும் மறைந்து மீள்வது, ஆகவே குழந்தையின் ஆன்மாவை மறுவுலகுக்குக் கொண்டு செல்லும் பறவை என்று ஒரு விளக்கம் மீண்டும் மீண்டும் வருகிறது. அழகான விளக்கம்தான். ஆனால் மென்மைக்கு எடுத்துக்காட்டு வேண்டும் என்றால் அன்னத்தின் தூவியைச் சொல்லியே பழகிய ஒரு மொழியில் வளர்ந்தவனுக்கு, அன்னத்தின் சிறகு மீது குழந்தை என்றதும் முதலில் தோன்றுவது மறுவுலகம் அல்ல. குளிர்ந்த மண் முதுகில் படாதிருக்கட்டும் என்று நினைத்த யாரோ ஒருவரின் கைதான். இறகு மட்கிவிட்டது, எலும்பு மட்டும் மிஞ்சியது; எங்களில் யார் சரி என்று அந்த எலும்பு சொல்லப்போவதில்லை. என் விளக்கமும் விளக்கமே என்பதை மறக்கவில்லை.

19ஆம் எண் குழியில் மூவர் இருக்கிறார்கள்: ஓர் ஆண், ஒரு பெண், இருவருக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு வயதுக் குழந்தை. ஆணின் மேல் முதுகெலும்புகளுக்கு இடையில் எலும்பாலான ஓர் எறிமுனை செருகியிருக்கிறது. தொண்டை வழியாகப் பாய்ந்து அங்கே நின்றது. மூவரும் ஒரே நேரத்தில் புதைக்கப்பட்டவர்கள். மற்ற இருவரின் எலும்பில் அத்தகைய தடயம் இல்லை, தசையில் பட்ட காயம் எலும்பில் தெரியாது.

இவர்களை வெட்பெக்கோடு நிறுத்திவிட முடியாது. தெற்கு சுவீடனின் கரையில் உள்ள ஸ்காத்தெஹோல்மில் 1980 முதல் லார்ஸ் லார்சன் நடத்திய அகழாய்வில் எண்பதுக்கும் மேற்பட்ட குழிகள் வெளிவந்தன. மனிதர்கள் படுத்தும், ஒருக்களித்தும், சிலர் உட்கார்ந்த நிலையிலும் இருந்தார்கள். நாய்களுக்கும் தனிக் குழிகள் இருந்தன. ஒரு நாயின் முதுகோடு ஒட்டி ஒரு செம்மான் கொம்பும், இடுப்பருகே மூன்று தீக்கல் அலகுகளும், மார்பின் மேல் செதுக்குவேலை செய்த கொம்புச் சுத்தியலும் வைக்கப்பட்டிருந்தன. அந்த இடுகாட்டில் பல மனிதர்களுக்குக் கிடைக்காத மரியாதை அது. சுத்தியலால் நாய்க்கு என்ன பயன் என்ற கேள்விக்கு விடை தேடி நான் ஒரு மாலைப்பொழுதையே செலவிட்டிருக்கிறேன்.

பிரான்சின் பிரித்தானிக் கரைக்கு அப்பால் தெவியெக், ஹொயெதிக் என்று இரண்டு தீவுகள். செங்-ஜுஸ்த் பெக்கார், அவருடைய மனைவி மார்த் பெக்கார் ஆகிய இருவரும் தெவியெக்கை 1928 முதலும், ஹொயெதிக்கை அதன் பின்னரும் அகழ்ந்தார்கள். தெவியெக்கில் 10 குழிகளில் 23 பேர். ஹொயெதிக்கில் 9 குழிகளில் 14 பேர். அந்தப் பாறை நிலத்தின் மண் எலும்பைத் தின்றுவிடும் புளிப்பு மண். அவர்கள் தப்பியதற்குக் காரணம், குப்பைமேட்டில் கலந்திருந்த சிப்பி ஓடுகளின் சுண்ணாம்பு. தின்று எறிந்த குப்பையே எலும்பைக் காத்தது. தெவியெக்கில் இரண்டு பெண்களுக்கு மேலே செம்மான் கொம்புகளைக் கூரைபோல் நிறுத்தியிருந்தார்கள். ஓர் ஆணின் முதுகெலும்பில் நுண்கற்கருவி அம்புமுனைகள் இரண்டு தைத்திருந்தன.

இந்தத் தெவியெக்கில்தான் என் பிடிவாதம் தொடங்குகிறது. அங்கே குழிகள் குப்பைமேட்டுக்கு வெளியே ஒதுக்குப்புறமாக இல்லை. மேட்டுக்குள்ளேயே, கல்பலகை மூடி, அதன்மேல் நெருப்பு எரித்த அடுப்புத் தடங்களோடு இருக்கின்றன. மேலே மக்கள் தொடர்ந்து தின்றார்கள், ஓடு எறிந்தார்கள், உறங்கினார்கள். வெட்பெக்கிலும் புதைகுழிகள் குடியிருப்பு மண்ணிலேயே வெட்டப்பட்டவை. ஆனால் நூலிலும் அருங்காட்சியகப் பலகையிலும் 'குடியிருப்பும் அதன் இடுகாடும்' என்றே எழுதுகிறோம். இலக்கணத்தில் இதற்கு எண்ணும்மை என்று பெயர். இரண்டு தனிப் பொருள்களை எண்ணிச் சேர்க்கும் உம். சேர்ப்பதற்கு முன் பிரித்தாக வேண்டும் அல்லவா? அந்தப் பிரிவு நம்முடையது. ஊர் இங்கே, இறந்தவர் அங்கே, நடுவில் ஒரு பாதை என்ற நம் வரைபடத்தை 7,000 ஆண்டுகளுக்கு முந்திய மேட்டின்மேல் விரித்துப் பார்க்கிறோம்.

ஏன் இவ்வளவு அருகில் வைத்தார்கள் என்பதற்குத் தொல்லியலில் புகழ்பெற்ற விடை ஒன்று உண்டு. மீனும் சிப்பியும் வற்றாத ஒரு கழி போன்ற வளத்தை ஒரு குலம் தன்னுடையது என்று நிலைநாட்ட விரும்பும்போது, நிலையான இடுகாடு தோன்றுகிறது என்று ஆர்தர் சாக்ஸ் 1970இல் முன்வைத்த கருதுகோள் அது. என் பாட்டன் இங்கே கிடக்கிறான், ஆகவே இந்தக் கழி எனக்கு. பட்டா, சிட்டா பார்த்தே வயிறு வளர்ப்பவனுக்கு இந்த விடை இனிக்காமல் இருக்குமா? எலும்பே எல்லைக்கல், புதைகுழியே பட்டா. எறிமுனை பாய்ந்த கழுத்தும் அம்பு தைத்த முதுகும் எல்லைத் தகராற்றின் சாட்சிகள் என்று அழகாகப் பொருந்தியும் விடுகின்றன. 2001இல் ரிக் ஷுல்டிங்கும் மைக்கேல் ரிச்சர்ட்ஸும் தெவியெக், ஹொயெதிக் எலும்புகளின் ஐசோடோப்புகளை ஆராய்ந்து, இளம்பெண்கள் சிலரின் எலும்பில் கடல் உணவின் தடம் மற்றவர்களைவிடக் குறைவு என்று கண்டார்கள். உள்நாட்டிலிருந்து மணமாகி வந்தவர்களாக இருக்கலாம் என்றார்கள். தந்தைவழிக் குலம், வந்துசேர்ந்த மருமகள்கள், குலத்தின் கழி: எல்லாம் கச்சிதம்.

மிகக் கச்சிதமாக இருந்ததால்தான் உடைந்தது என்று தோன்றுகிறது. அதே இரண்டு தீவுகளின் மனிதர்களுடைய மரபணுத்தொகுதி ஆய்வு 2024இல் வெளியானது. ஒரே குழியில் சேர்த்துப் புதைக்கப்பட்டவர்கள் இரத்த உறவினராக இருந்தாக வேண்டும் என்பதில்லை என்று அது காட்டியது. தாயும் மகளும் என்று நாம் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடக்கூடிய இணைகள் கூடத் தாயும் மகளும் அல்ல. நெருங்கிய உறவுக்குள் மணம் செய்துகொண்ட தடயமும் இல்லை. யாருடைய பக்கத்தில் யாரைக் கிடத்துவது என்பதைக் குருதி மட்டும் முடிவு செய்யவில்லை. சேர்ந்து தின்றதும் சேர்ந்து துடுப்புப் போட்டதும் வேறு ஏதோ ஒன்றும் முடிவு செய்திருக்கின்றன. இதைப் படித்த அன்று 8ஆம் எண் குழியின் படத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். இத்தனை நாள் தாய் என்றே மனதுக்குள் அழைத்துவந்த அந்தப் பெண்ணை இனி எப்படி அழைப்பது என்று தெரியவில்லை. மகப்பேற்றில் இருவரும் இறந்திருக்கலாம்; அதற்கே வாய்ப்பு மிகுதி. ஆயினும் கத்தியைக் கொண்டு சிசுவை ஆண் என்றவர்களைக் குறைசொன்ன நானே, பக்கத்தில் கிடக்கிறாள் என்பதைக் கொண்டு அவளைத் தாயாக்கியிருந்தேன்.

இவர்களின் முடிவும் மரபணுவில் பதிந்திருக்கிறது. டென்மார்க்கில் கிடைத்த நூறு பண்டைய மனிதர்களின் மரபணுத்தொகுதிகளை ஆராய்ந்த கட்டுரை 2024 ஜனவரியில் வந்தது. ஏறக்குறைய 10,500 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 5,900 ஆண்டுகளுக்கு முன்புவரை அங்கே ஒரே வகை மரபு பெரிய மாற்றமில்லாமல் தொடர்ந்திருக்கிறது. பிறகு உழவர்கள் வந்த சில தலைமுறைகளுக்குள் அந்த மரபு ஏறக்குறைய இல்லாமலே போனது. நாலாயிரம் ஆண்டுக்கும் மேல் ஓடிய ஒரு தொடர் அது.

ஸ்காத்தெஹோல்மில் இரண்டு இடுகாடுகள் உண்டு. பழையது தாழ்ந்த மேட்டில், அடுத்தது சற்று உயர்ந்த மேட்டில். கடல் ஏற ஏறத் தாழ்ந்த மேடு நீருக்குள் போனது. மக்கள் உயர்ந்த மேட்டுக்கு நகர்ந்தார்கள், இறந்தவர்களைக் கிடத்துவதும் அங்கே நகர்ந்தது. பழைய எலும்புகளைத் தோண்டி எடுத்துச் செல்லவில்லை. பட்டா என்றால் மேலே கொண்டுபோயிருக்க மாட்டார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. அது தொழில் புத்தி.

போகெபாக்கன் மேட்டின் படத்தை ஒரு விடுமுறை நாளில் நானே ஒரு தாளில் வரைந்து பார்த்தேன். குழிகள் வரிசையில், ஒன்றுக்கொன்று இணையாக, பெரும்பாலும் ஒன்றை ஒன்று வெட்டாமல் கிடக்கின்றன. முந்திய குழி எங்கே இருக்கிறது என்று அடுத்த குழியை வெட்டியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேலே ஒரு மரக்கம்போ ஒரு கல்லோ நட்டிருக்கலாம், யாராவது ஒருவர் நின்று காலால் தட்டிக் காட்டியிருக்கலாம். குழிகளை வரைந்து முடித்தபின், தொழில் பழக்கத்தில், குடியிருப்புக்கு ஒரு நிறமும் இடுகாட்டுக்கு ஒரு நிறமும் தீட்ட எண்ணி, இரண்டுக்கும் இடையிலான எல்லைக்கோட்டைப் பென்சிலில் போட்டேன். அது அடுப்புக் கரி கிடந்த மண்ணைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. அழித்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போட்டேன். இம்முறை ஒரு குழியின் நடுவே போனது. நாலைந்து முறை அழித்ததில் அந்த இடத்தில் மட்டும் தாள் நைந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிகிறது. நிறம் தீட்டாமல் அப்படியே மடித்து, அந்த நூலுக்குள் வைத்திருக்கிறேன்.